கரைப்பதற்கென்றே ஓர் அச்சு: சிக்கலான பிளாஸ்டிக் பாகங்களும் 3டி பிரிண்டிங்கும்

வீட்டில் கிடக்கும் ஏதாவது ஒரு பிளாஸ்டிக் சாமானை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். டிவி ரிமோட்டின் பேட்டரி மூடியே போதும். விளிம்பைச் சுற்றி மயிரிழை கனத்தில் ஒரு கோடு ஓடும். உட்பக்கத்தில் சின்னச் சின்ன வட்டத் தழும்புகள் தெரியும். பார்டிங் லைன் எனப்படும் அந்தக் கோடு, அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடம். வட்டங்கள், இறுகிய பிளாஸ்டிக்கை எஜெக்டர் பின்கள் வெளியே தள்ளிய இடம். பாகம் வெளியே வர வேண்டுமென்றால் அச்சு திறந்தாக வேண்டும். ஒரு பிளாஸ்டிக் பாகம் என்ன வடிவத்தில் இருக்கலாம், எந்த வடிவத்தில் இருக்கக் கூடாது என்பதைப் பெருமளவு முடிவு செய்வது இந்த ஒரு கட்டாயம்தான்.

இன்ஜெக்ஷன் மோல்டிங்கின் அடிப்படை எளிது. பிளாஸ்டிக் மணிகளை உருக்கி, நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தில் மூடிய ஸ்டீல் அச்சுக்குள் செலுத்துகிறார்கள். உள்ளே அது குளிர்ந்து இறுகியதும் அச்சு திறக்கிறது, பாகம் விழுகிறது, அச்சு மறுபடி மூடுகிறது. அமெரிக்காவின் ஹயாட் சகோதரர்கள் 1872இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்திலிருந்து இன்றைய கணினிக் கட்டுப்பாட்டு இயந்திரம் வரை இந்தச் சுழற்சி மாறவில்லை. நன்றாகச் செய்த ஸ்டீல் அச்சு இப்படி லட்சக்கணக்கான சுழற்சிகளை, அதாவது ஷாட்களை, தாங்கும்.

பாகத்தின் பக்கவாட்டில் ஒரு துளையோ உட்பக்கம் ஒரு கொக்கியோ இருந்தால் தகராறு ஆரம்பிக்கும். நேராக இழுத்தால் பாகம் அச்சில் மாட்டிக்கொள்ளும். அண்டர்கட் என்பது இதுதான். பாகத்தின் துளையையோ உட்புறத்தையோ உருவாக்கும் அச்சுத் துண்டுக்குக் கோர் என்று பெயர். அண்டர்கட்டைச் சமாளிக்க, அச்சு திறக்கும்போது பக்கவாட்டில் நகரும் சைடு கோர் வைப்பார்கள். சாய்வாக எழும்பும் லிஃப்டர் வைப்பார்கள். உள்மரை உள்ள மூடி என்றால் கோரையே சுழற்றி வெளியே எடுக்கும் பல்சக்கர அமைப்பு வேண்டியிருக்கும். ஒவ்வொன்றும் செலவையும் வாரங்களையும் கூட்டும். பாகத்துக்குள்ளேயே வளைந்து நெளிந்து போகும் குழாய், உள்ளே வலைப்பின்னலாக இருக்கும் கட்டமைப்பு என்று போனால் இந்த ஏற்பாடுகளும் உதவாது. 'இது வராது சார், ரெண்டா பிரிச்சு ஒட்டிக்கோங்க' என்பது அச்சு செய்யும் டூல் ரூமில் டிசைனர்கள் அடிக்கடி கேட்கும் பதில்.

அச்சு திரும்பத் திரும்ப உழைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை விட்டுவிட்டால், அது திறந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் போய்விடும். ஒரு பாகத்துக்கு ஓர் அச்சு. பாகம் இறுகியதும் அச்சை உடைக்கலாம், உருக்கலாம், கரைக்கலாம். 3டி பிரிண்டரில் அச்சு செய்வதைப் பற்றிப் பேசுபவர்கள் அது மலிவு, சீக்கிரம் கிடைக்கும் என்பதையே முதலில் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் என் பார்வையில் அவை இரண்டாம்பட்சம். அச்சைத் தியாகம் செய்யத் துணிய வைத்ததுதான் இந்தத் தொழில்நுட்பம் தந்த பெரிய சுதந்திரம். அந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலையும் இருக்கிறது. பெரும்பாலும் அது வெப்பமாகவும், சில சமயம் ரசாயனமாகவும் வந்து நிற்கும்.

அதற்குள் ஒரு நியாயமான கேள்வி எழும். பிரிண்டர் இருக்கிறதே, பாகத்தையே நேராகப் பிரிண்ட் செய்துவிட்டால் என்ன? காட்சிக்கு வைக்கும் மாதிரி என்றால் தாராளமாகச் செய்யலாம். வேலை செய்ய வேண்டிய பாகம் என்றால் பொருள் முக்கியம். அடுக்கடுக்காகப் பிரிண்ட் செய்த பாகம் அடுக்குகளுக்கு இடையே பலவீனமாக இருக்கும். ஒரு திசையில் தாங்கும் பாரத்தை இன்னொரு திசையில் தாங்காது. ரெசின் பிரிண்டரில் புற ஊதா ஒளியால் இறுகும் பொருள்கள் வெயிலிலும் காலத்திலும் நொறுங்கும் தன்மைக்குப் போகக்கூடியவை. கடைசியில் சந்தைக்கு வரப்போகும் பாகம் 30 சதவீதம் கண்ணாடி இழை கலந்த நைலான் என்றால், சோதனைக்கும் அதே நைலான்தான் வேண்டும். மருத்துவக் கருவி என்றால் ஏற்கெனவே அனுமதி பெற்ற சிலிக்கோன்தான் வேண்டும். வடிவத்தை பிரிண்டர் தரட்டும், பொருளை வார்ப்பு தரட்டும் என்ற சமரசத்தில்தான் இந்த முறை வளர்ந்தது.

உருகும் கோர்

அச்சைத் தியாகம் செய்யும் யோசனை பிரிண்டரோடு வந்ததல்ல. சுவாமிமலையில் சிலை வார்ப்பவர்கள் மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, உலோகம் இறுகியதும் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்கிறார்கள். பிளாஸ்டிக் உலகில் இதே யோசனை பெரிய தொழிற்சாலை அளவில் ஓடிய ஒரு காலம் உண்டு. அது கார் எஞ்சினின் இன்டேக் மேனிஃபோல்டு, அதாவது எஞ்சின் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொண்டுபோகும் வளைந்த குழாய்களின் தொகுப்பு. அலுமினியத்தில் வார்த்துக்கொண்டிருந்த இதை, 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் கண்ணாடி இழை நைலானுக்கு மாற்ற கார் நிறுவனங்கள் விரும்பின. வளைந்த குழாயின் உட்புறத்தை உருவாக்கும் கோரை எப்படி வெளியே எடுப்பது?

அவர்கள் கண்ட வழி அழகானது. வெள்ளீயமும் பிஸ்மத்தும் கலந்த, 138 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் கலவையில் கோரை வார்த்தார்கள். அதை அச்சுக்குள் வைத்து, அதைச் சுற்றி ஏறக்குறைய 290 டிகிரியில் உருகிய நைலானைச் செலுத்தினார்கள். கணக்குப்படி கோர் உருகியிருக்க வேண்டும். உருகவில்லை. உலோகம் வெப்பத்தை விரைவாகத் தன் உடல் முழுக்கப் பரப்பிக்கொள்ளும். பல கிலோ எடையுள்ள கோருக்கு மெல்லிய நைலான் சுவரின் வெப்பம் போதாது. கோர் சூடாவதற்குள் நைலான் தோல் கட்டிவிடும். பிறகு மொத்தத்தையும் சூடான திரவத் தொட்டியில் இறக்கினால் கோர் மட்டும் உருகி வழிந்துவிடும், அந்த உலோகத்தை மறுபடி வார்த்துக்கொள்ளலாம். முதலீடு அதிகம் என்பதால் காலப்போக்கில் இந்த முறை பின்வாங்கியது. மேனிஃபோல்டைத் துண்டுகளாக வார்த்து அதிர்வு மூலம் பற்றவைப்பது மலிவாக முடிந்தது. ஆனால் கோர் தப்பித்த காரணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிரிண்ட் செய்த ரெசின் அச்சில் நிலைமை நேர் எதிர்.

ரெசின் அச்சுக்குள் ஒரு ஷாட்

ஒளியால் ரெசினை இறுகவைக்கும் ஸ்டீரியோலித்தோகிராஃபிக்கு சார்லஸ் ஹல் 1986இல் காப்புரிமை பெற்றார். அவர் தொடங்கிய 3டி சிஸ்டம்ஸ் நிறுவனமே 1990களில் ரெசின் அச்சில் நேரடியாக இன்ஜெக்ஷன் செய்யலாம் என்று காட்டியது. இன்று மேசை மேல் வைக்கும் பிரிண்டரில்கூட இது நடக்கிறது. அச்சு முழுவதையும் பிரிண்ட் செய்வதில்லை. பாகத்தின் உட்புறத்தைத் தரும் கோர், வெளிப்புறத்தைத் தரும் கேவிட்டி என்ற செருகு துண்டுகளை (இன்செர்ட்) மட்டும் பிரிண்ட் செய்து, தயாராக இருக்கும் உலோகச் சட்டத்துக்குள் பொருத்துவார்கள். அழுத்தத்தின் பெரும்பகுதியைச் சட்டம் தாங்கிக்கொள்ளும்.

இப்போது ஒரு ஷாட்டை நெருங்கிப் பார்ப்போம். 220, 230 டிகிரியில் உருகிய பாலிபுரொப்பிலீன் உள்ளே பாய்கிறது. ஸ்டீல் அச்சாக இருந்தால் சுவரைத் தொட்ட கணமே தோல் இறுகிவிடும். வெப்பம் ஸ்டீலுக்குள் போய், அங்கே ஓடும் தண்ணீரில் கலந்து வெளியேறும். 2 மி.மீ. சுவர் உள்ள பாகம் பத்துப் பதினைந்து விநாடிகளில் வெளியே வரத் தயார். ரெசின் அச்சில் வெப்பத்துக்குப் போக்கிடம் இல்லை. டூல் ஸ்டீலின் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கும் டிகிரிக்கும் சுமார் 30 வாட், அலுமினியத்துக்கு 130க்குப் பக்கம். ரெசினுக்கு வெறும் 0.2. உள்ளே வரும் பிளாஸ்டிக்கின் கடத்துதிறனும் கிட்டத்தட்ட அதேதான். அதாவது பிளாஸ்டிக்கைப் பிளாஸ்டிக்கால் குளிரவைக்கப் பார்க்கிறோம். அச்சின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய பகுதி மட்டும் கடுமையாகச் சூடேறி அப்படியே நிற்கும்.

நல்ல ரெசின்களின் விவரத்தாளைப் பார்த்தால் நம்பிக்கை வரும். ஃபார்ம்லேப்ஸ் நிறுவனத்தின் ரிஜிட் 10கே ரெசின், சூட்டடுப்பில் வைத்துப் பதப்படுத்தியபின் 218 டிகிரி வரை வளையாது என்கிறார்கள். அவர்களின் ஹை டெம்ப் ரெசினுக்கு 238. ஆனால் அந்த எண்கள் 0.45 மெகாபாஸ்கல் தகைவில், அதாவது 4.5 பார் அளவில், ஒரு பட்டையை வளைத்துப் பார்த்துச் சொல்லும் எண்கள். அச்சுக்குள் நிலவுவது அதைப் போலப் பல மடங்கு. அதனால் ரெசின் அச்சில் வேலை செய்பவர்கள் விவரத்தாளை நம்புவதைவிடப் பொறுமையை நம்புவார்கள். அழுத்தத்தைக் குறைப்பார்கள். பிளாஸ்டிக் உள்ளே நுழையும் வாயான கேட்டைக் கொஞ்சம் பெரிதாக வைப்பார்கள். இயந்திரத்தின் சூடான நாசில் ரெசினைத் தொடாமல் இருக்க, நடுவே ஸ்ப்ரூ புஷ் என்ற உலோகக் குழல் போடுவார்கள். ஷாட் முடிந்து நிமிடக்கணக்கில் காத்திருப்பார்கள். பாகத்தை எடுத்தபின் காற்றை ஊதி அச்சை நன்றாக ஆறவைத்து, அப்புறம்தான் அடுத்த ஷாட்.

பலர் நினைப்பதுபோல் இந்த அச்சு பெரும்பாலும் அழுத்தத்தில் உடைவதில்லை. பாகத்தை எடுக்கும்போதுதான் உடைகிறது. குளிரும் பிளாஸ்டிக் சுருங்கிக் கோரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்நேரத்தில் ரெசினின் மேற்பரப்பு இன்னும் சூடாக, பலம் குறைந்து இருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் மெல்லிய பின் ஒன்று பாகத்தோடு சேர்ந்தே வந்துவிடும். பிரிண்டரின் அடுக்குக் கோடுகள் கண்ணுக்குத் தெரியாத பற்களைப் போல் பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொள்வதும் ஒரு காரணம். அதனால்தான் ஸ்டீலில் அரை டிகிரி, ஒரு டிகிரி டிராஃப்ட் (பாகம் வழுக்கி வரச் சுவருக்குக் கொடுக்கும் சாய்வு) போதும் என்கிற இடத்தில் ரெசினில் இரண்டு மூன்று டிகிரி கேட்பார்கள், இழுக்கும் திசையில் உள்ள சுவர்களைத் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். பாலிபுரொப்பிலீன் போன்ற சாதுவான பிளாஸ்டிக் என்றால் ஓர் அச்சில் பத்துக்கணக்கில், நல்ல வடிவமைப்பாக இருந்தால் நூறு வரைகூட எடுக்கலாம். பாலிகார்பனேட் அல்லது கண்ணாடி இழை நைலான் என்றால் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, அதிகம் பேசப்படாத ஒன்று. மெதுவாகக் குளிர்ந்த பாகமும் வேகமாகக் குளிர்ந்த பாகமும் ஒரே பாகம் அல்ல. நைலான், பாலிபுரொப்பிலீன், அசெட்டல் போன்றவை குளிரும்போது அவற்றின் மூலக்கூறுச் சங்கிலிகள் ஓரளவு ஒழுங்காக அடுக்கிக்கொண்டு படிகப் பகுதிகளை உருவாக்கும். நேரம் அதிகம் கிடைத்தால் படிகம் அதிகம். படிகம் அதிகமானால் சுருக்கமும் அதிகம், விறைப்பும் கூடும், இழுபடும் தன்மை குறையும். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஃபில் டிக்கன்ஸ், ரசல் ஹாரிஸ் முதலானோர் ஸ்டீரியோலித்தோகிராஃபி அச்சில் எடுத்த நைலான் 66 பாகங்களை ஆராய்ந்து, அவை உலோக அச்சில் எடுத்தவற்றைவிட அதிகம் சுருங்குவதையும், படிகத்தன்மை மாறுவதே அதற்குக் காரணம் என்பதையும் காட்டினார்கள். படிகமாகாத ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக்கில் இந்தத் தொல்லை குறைவு.

ஆகவே 'அசல் பொருளில் எடுத்த மாதிரி, அப்படியே நம்பிச் சோதிக்கலாம்' என்று யாராவது சொன்னால் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். பொருள் அசல்தான். அதன் உள்ளமைப்பு, பின்னால் ஸ்டீல் அச்சில் வரப்போகும் பாகத்தின் உள்ளமைப்பு அல்ல. ஏபிஎஸ்ஸில் ஒரு கிளிப் சரியாக மாட்டுகிறதா என்று பார்க்க ரெசின் அச்சு அருமையான வழி. நைலான் பல்சக்கரத்தின் ஆயுளைக் கணிக்க அதையே நம்பினால் ஏமாற வாய்ப்பு உண்டு.

வெப்பம் வெளியேறாததில் ஒரு நன்மையும் இருக்கிறது. தோல் உடனே இறுகாததால் பிளாஸ்டிக் சாவகாசமாக ஓடி மெல்லிய சுவர்களையும் நிரப்பும், குறைந்த அழுத்தமே போதும்.

மூடியே இருக்கும் அச்சு

மேலே சொன்ன ரெசின் அச்சும் இரண்டு பாதியாகத் திறக்கும் அச்சுதான். பழைய விதி அதிலும் தொடர்கிறது. அதை உடைத்தது டென்மார்க்கின் அடிஃபேப் நிறுவனம் கொண்டுவந்த ஃப்ரீஃபார்ம் இன்ஜெக்ஷன் மோல்டிங் என்ற முறை. இதில் அச்சு ஒரே துண்டு. திறப்பே கிடையாது, பிளாஸ்டிக் நுழைய ஒரு வழி மட்டும். காரக் கரைசலில் கரையும்படி உருவாக்கிய ரெசினில் அதைப் பிரிண்ட் செய்கிறார்கள். உலோகச் சட்டத்தில் வைத்து வழக்கமான இன்ஜெக்ஷன் இயந்திரத்திலேயே நிரப்புகிறார்கள். பிறகு கரைசல் தொட்டி. சில மணி நேரங்களில் அச்சு கரைந்து பாகம் மட்டும் மிஞ்சும். பார்டிங் லைன் கிடையாது, எஜெக்டர் தழும்பு கிடையாது, டிராஃப்ட் தேவையில்லை, அண்டர்கட் என்ற பேச்சுக்கே இடமில்லை. எடுக்கும்போது அச்சு உடையும் பிரச்சினையும் சேர்ந்தே தீர்ந்துவிடுகிறது, ஏனென்றால் யாரும் எதையும் இழுப்பதில்லை.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. அச்சின் சுவர் கனமாக இருந்தால் கரைய நேரமாகும். மெல்லியதாக இருந்தால் அழுத்தத்தில் விரியும். நீளமான, குறுகலான உட்பாதைக்குள் கரைசல் போய்த் திரும்பச் சுழல வழி வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே கூழாகத் தேங்கும். பாகத்தின் பிளாஸ்டிக் காரத்தைத் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். பாலிபுரொப்பிலீனுக்குக் கவலையில்லை. பாலிகார்பனேட்டையும் பாலியெஸ்டர் வகைகளையும் காரம் தாக்கும். ஒரு பாகத்துக்கு ஓர் அச்சு என்பதால், ஆயிரக்கணக்கில் வேண்டுமென்றால் கணக்கு கட்டாது. அடிஃபேப்பை 2023இல் அமெரிக்காவின் நெக்ஸா3டி வாங்கியது. அடுத்த ஆண்டே நெக்ஸா3டி கடையை மூடிவிட்டது. யோசனை நல்லதாக இருந்தும் அதைச் சுமக்கும் நிறுவனம் தள்ளாடுவது இந்தத் துறையில் புதிதல்ல. ஒரே நிறுவனத்தின் ரெசினை நம்பித் தயாரிப்பு வரிசையை அமைப்பவர்கள் இதை யோசித்துத்தான் ஆக வேண்டும்.

சூடு இல்லாத இடத்தில்

வெப்பம்தான் விலை என்றேன். சூடே இல்லாமல் இறுகும் பாலிமர்களில் அந்த விலை கிடையாது. சிலிக்கோன், பாலியூரத்தேன் போன்றவற்றை இரண்டு திரவங்களாகக் கலந்து ஊற்றினால் அறை வெப்பத்திலேயே இறுகிவிடும். அச்சுக்கு அழுத்தமும் இல்லை, சூடும் இல்லை. மென்மையான ரோபோக்கள் என்ற துறை வளர்ந்ததில் இதற்குப் பெரிய பங்குண்டு. காற்றை ஊதினால் விரல்போல் மடங்கும் சிலிக்கோன் கைகளை ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸின் குழு 2010களின் தொடக்கத்தில் காட்டியபின், உலகெங்கும் மாணவர்கள் கல்லூரி பிரிண்டரில் அச்சு எடுத்துச் சிலிக்கோனை ஊற்றி அதே மாதிரி செய்யத் தொடங்கினார்கள்.

இங்கே வெப்பத்துக்குப் பதில் ரசாயனம் காலை வாரும். நல்ல ரக சிலிக்கோன்கள் பிளாட்டினம் வினையூக்கியால் இறுகுகின்றன. பத்து லட்சத்தில் சில பங்கு பிளாட்டினம்தான் அதில் இருக்கும். கந்தகம், வெள்ளீயச் சேர்மம், அமீன் போன்றவை பட்டால் அந்த வினையூக்கி செயலிழந்துவிடும். ரெசின் பிரிண்டரில் எடுத்த அச்சின் மேற்பரப்பில் முழுதாக இறுகாத ரெசினும் ஒளியால் வினையைத் தொடங்கும் ரசாயனமும் மிச்சம் இருக்கும்; அவையும் இதே வேலையைச் செய்யும். மறுநாள் அச்சைத் திறந்தால் சிலிக்கோன் உள்ளே நன்றாக இறுகியிருக்கும், அச்சைத் தொட்ட பக்கம் மட்டும் பிசுபிசுவென்று தேன் தடவியதுபோல் இருக்கும். எத்தனை நாள் காத்திருந்தாலும் அது இறுகாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நன்றாகக் கழுவி, புற ஊதா ஒளியில் நீண்ட நேரம் வைத்து, அப்புறம் சூட்டடுப்பில் சில மணி நேரம் சுட்டு எடுத்தால் பெரும்பாலும் தீரும். மேலே ஒரு தடுப்புப் பூச்சு அடிப்பது இன்னும் பத்திரம். வடிவம் அனுமதித்தால், பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழையில் ஓடும் சாதாரணப் பிரிண்டரில் அச்சு எடுப்பதே நிம்மதி. அதில் இந்தத் தொல்லை இல்லை. அடுக்குக் கோடுகள் அப்படியே சிலிக்கோனில் பதியும், அவ்வளவுதான்.

கரைக்கும் யோசனையும் சிலிக்கோனும் சேர்ந்த இடத்தில் மிக நேர்த்தியான ஒரு முறை உண்டு. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் விட்டோரியோ சஜ்ஜியோமோ, ஆல்ட்ரிக் வெல்டர்ஸ் இருவரும் 2015இல் வெளியிட்டது. நத்தையைக் குறிக்கும் எஸ்கார்கோ என்ற பெயரை அதற்கு வைத்தார்கள். நுண்ணிய திரவக் குழாய்கள் ஓடும் சிலிக்கோன் சில்லு செய்ய வழக்கமாகத் தூசியில்லாத அறையும், ஒளியால் வடிவம் பொறிக்கும் ஃபோட்டோலித்தோகிராஃபி முறையும் வேண்டும். அதிலும் தட்டையான குழாய்தான் எளிதில் வரும். இவர்கள் குழாயின் வடிவத்தையே ஏபிஎஸ் இழையில் பிரிண்ட் செய்தார்கள். சுருள் வேண்டுமா, சுருள். அதைப் பிடிஎம்எஸ் என்ற வகைச் சிலிக்கோனில் முழுக்க மூழ்கவைத்து இறுகவிட்டு, அசிட்டோனில் போட்டார்கள். ஏபிஎஸ் கரைந்து வெளியேறியது, சுருள் வடிவக் குழாய் உள்ளே நின்றது. அசிட்டோன் ஏபிஎஸ்ஸை நன்றாகக் கரைக்கும், ஆனால் பிடிஎம்எஸ்ஸை ஏறக்குறைய வீங்கவே வைக்காது. கரைக்கும் முறைகள் எல்லாவற்றிலும் வெற்றி தோல்வி இந்த ஜோடிப் பொருத்தத்தில்தான் இருக்கிறது: அச்சைக் கரைப்பது பாகத்தைத் தொடக் கூடாது.

இதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 2012இல், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜோர்டான் மில்லர், கிறிஸ்டோபர் சென் குழுவினர் சர்க்கரையையே பிரிண்ட் செய்தார்கள். கண்ணாடிபோல் இறுகும் சர்க்கரைக் கம்பிகளால் ஒரு வலைப்பின்னல், அதைச் சுற்றி உயிருள்ள செல்கள் கலந்த ஜெல். செல்களுக்கு ஊட்டம் தரும் திரவமே சர்க்கரையைக் கரைத்துவிட, ரத்தம் ஓடக்கூடிய குழாய்கள் மிஞ்சின. உயிரணுவைக் கொல்லாத கரைப்பான் எது என்று தேடினால் கடைசியில் தண்ணீரில்தான் வந்து நிற்க வேண்டும். தண்ணீரில் கரைய சர்க்கரையைவிடப் பொருத்தமானது எது?

காதுக்குள் பொருந்தும் மென்மையான சிலிக்கோன் மோல்டுகளும் இப்படி வருவதுண்டு. காதின் அளவை ஸ்கேன் செய்து, முட்டை ஓடுபோல் மெல்லிய அச்சைப் பிரிண்ட் செய்து, சிலிக்கோன் இறுகியதும் ஓட்டை உடைத்து எடுப்பார்கள்.

பல்லுக்கு ஓர் அச்சு

இந்த முறையெல்லாம் சோதனைச் சாலைக்கும் மாதிரிகளுக்கும்தான், பெரிய உற்பத்திக்கு உதவாது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பல் கிளினிக்கை எட்டிப்பார்க்க வேண்டும். பற்களை வரிசைப்படுத்தக் கம்பிக்குப் பதில் போடும் நிறமற்ற பிளாஸ்டிக் உறை, அலைனர். ஜியா சிஷ்டி, கெல்சி வர்த் இருவரும் 1997இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய அலைன் டெக்னாலஜி நிறுவனம் இன்விசலைன் என்ற பெயரில் இதைச் செய்கிறது. ஒவ்வோர் உறையும் பல்லைக் கால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான் நகர்த்தும்; அதனால் ஒரு நோயாளிக்கே பல உறைகள் வேண்டும், ஒவ்வொன்றும் வேறு வடிவம். ஒவ்வொரு கட்டத்துக்கும் பல்வரிசையின் மாதிரியை ஸ்டீரியோலித்தோகிராஃபியில் பிரிண்ட் செய்து, சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை அதன்மேல் அழுத்தி வடிவெடுத்து, ஓரத்தை வெட்டி அனுப்புகிறார்கள். மாதிரியின் வேலை அதோடு முடிந்தது. அந்நிறுவனம் சொல்லும் கணக்குப்படி நாளொன்றுக்குச் சுமார் 10 லட்சம் உறைகள். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை.

இங்கே உறையின் வடிவம் சிக்கலானது என்று சொல்ல முடியாது. ஒன்றைக்கூடத் திரும்பச் செய்ய முடியாது என்பதுதான் சிக்கல். ஸ்டீலில் அச்சு வெட்டும் உலகத்தில் இப்படி ஒரு தொழில் பிறந்திருக்கவே முடியாது. தகடு மெல்லியது, அழுத்தம் குறைவு, சூடு சில விநாடிகள்தான், அச்சு ஒரே ஒரு முறை தாங்கினால் போதும். ரெசின் அச்சின் பலவீனங்கள் எதுவும் வெளியே தெரியாத ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்ததில்தான் அவர்கள் சாமர்த்தியம் இருக்கிறது. மாதிரிகள் குப்பையாகக் குவிவது மட்டும் உண்மையான உறுத்தல். இறுகிய ரெசினை மறுபடி உருக்க முடியாது.

நீடிக்கும் அச்சிலும் பிரிண்டருக்கு வேலை

பிரிண்டர் தருவது தியாக அச்சு மட்டும் என்று முடித்துவிட்டால் பாதிதான் சொன்னதாகும். லட்சக்கணக்கான ஷாட்கள் தாங்க வேண்டிய ஸ்டீல் அச்சிலும் அது புகுந்திருக்கிறது, அங்கேயும் விஷயம் வெப்பம்தான். இன்ஜெக்ஷன் சுழற்சியில் பாதிக்கு மேற்பட்ட நேரம் குளிரக் காத்திருப்பதிலேயே போகும். தண்ணீர்ப் பாதையை டிரில் போட்டுத்தான் எடுக்க முடியும் என்பதால் அவை நேர்க்கோடுகள், பாகமோ வளைந்தது. வளைவில் எங்கோ ஒரு மூலை கடைசி வரை சூடாகவே நிற்கும், மொத்த அச்சும் அந்த மூலைக்காகக் காத்திருக்கும். அமெரிக்காவின் எம்ஐடியில் எமானுவேல் சாக்ஸ் குழு 1990களில் உலோகத் தூளைப் பிரிண்ட் செய்து, பாகத்தின் வளைவைப் பின்தொடர்ந்து ஓடும் தண்ணீர்ப் பாதைகளை அச்சுக்குள் அமைத்துக் காட்டியது. இன்று மரேஜிங் ஸ்டீல் என்ற உறுதிமிக்க ஸ்டீலின் தூளை லேசரால் உருக்கி இதைச் செய்கிறார்கள். பதப்படுத்தியபின் ராக்வெல் சி அளவில் 50க்கு மேல் கடினம் வரும், அது தயாரிப்பு அச்சுக்குப் போதுமானது.

நம் பக்கத்து யூனிட்டுகளுக்கு இதில் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். நேர்ப்பாதை அடைத்தால் கம்பி விட்டுக் குத்தலாம், மறுபடி டிரில் போடலாம். வளைந்து நெளியும் 4 மி.மீ. பாதையில் போர்வெல் தண்ணீரின் உப்பு படிந்தால் குத்த வழியில்லை. பதப்படுத்திய தண்ணீரை மூடிய சுற்றில் ஓடவிடாமல் இந்த அச்சில் பணம் போடுவது வீண்.

அளவில் மறுகோடியிலும் இதே யோசனை நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் கார்பன் இழை கலந்த ஏபிஎஸ்ஸில் 13 மீட்டர் காற்றாலை இறக்கைக்கான அச்சைத் துண்டுதுண்டாகப் பிரிண்ட் செய்தது. இறக்கையில் சேரும் ரெசின் இறுக அச்சு சூடாக வேண்டும். வழக்கமாக அதற்கு மின்கம்பிகளைக் கையால் பதிப்பார்கள். இவர்கள் சூடான காற்று ஓடும் பாதைகளை அச்சுக்குள்ளேயே பிரிண்ட் செய்துவிட்டார்கள்.

அலைனர் விஷயத்தில் அடுத்த திருப்பம் வந்துகொண்டிருக்கிறது. வியன்னாவின் கியூபிக்யூர் என்ற நிறுவனத்தை அலைன் டெக்னாலஜி 2024 ஜனவரியில் வாங்கி முடித்தது. சாதாரணப் பிரிண்டரில் ஓடாத கெட்டியான ரெசினைச் சூடாக்கி ஓடவைப்பது கியூபிக்யூரின் முறை. கெட்டியான ரெசின் இறுகினால் உடையாமல் வளைந்துகொடுக்கும் பிளாஸ்டிக் கிடைக்கும், அப்படிக் கிடைத்தால் வாயில் போடும் சாதனத்தையே நேராகப் பிரிண்ட் செய்யலாம். இடையில் மாதிரி வேண்டாம், குப்பை வேண்டாம். சீரான கனம் கொண்ட தகட்டுக்குப் பதில், பல்லுக்குப் பல் தேவையான இடத்தில் மட்டும் கனம் கூட்டவும் முடியும். பாகத்தையே நேராகப் பிரிண்ட் செய்தால் என்ன என்ற கேள்விக்குப் பொருள் சரியில்லை என்பதுதான் இத்தனை நாள் பதிலாக இருந்தது. அந்தப் பதில் எவ்வளவு வேகமாகப் பழசாகிறது என்பதைப் பொறுத்துத்தான் இந்த அச்சுகளுக்கு இன்னும் எத்தனை காலம் வேலை இருக்கும் என்பது தெரியும்.